எந்த ஷஃபான்? தேதி எழுதுவதில் நமக்கு ஓர் ஒழுங்கு வேண்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



தேதி எழுதுவது மார்க்கத்தில் பேசப்பட வேண்டிய செய்தியா என்று சிலர் கேட்கலாம். ஆம் என்பதே நமது பதில். நிகாஹ் தஃப்தர், மய்யித் பதிவேடு, கடன் பத்திரம், ஸகாத் கணக்கு, வக்ஃபு ஆவணம் ஆகிய அனைத்திலும் ஹலால், ஹராம், பிறர் உரிமை ஆகியவை ஒரு தேதியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தேதியையோ நாம் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத அளவுக்கு அலட்சியமாக எழுதி வருகிறோம். ஒரே பள்ளிவாசலின் ஒரே பதிவேட்டில் ஒரு பக்கம் ஹிஜ்ரி, மறுபக்கம் ஆங்கிலத் தேதி. ஓரிடத்தில் நாள் முன்னால், வேறிடத்தில் மாதம் முன்னால். ஆண்டுக்கு ஒரு சமயம் நான்கு இலக்கம், மறுசமயம் இரண்டு. இது வெறும் பழக்கக் குறை அன்று. அமானிதத்தில் ஏற்படும் குறை.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வி

ஹிஜ்ரி ஆண்டு எவ்வாறு தோன்றியது என்பதை மதரஸாப் பிள்ளைகள் அறிவர். பெரியவர்களாகிய நாம்தான் மறந்துவிட்டோம். கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒரு பத்திரம் கொண்டுவரப்பட்டது. அதன் தவணை ஷஃபான் மாதம் என்று இருந்தது. எந்த ஷஃபான், சென்றதா, நடப்பதா, வரப்போவதா என்று அவர்கள் வினவியதாக வரலாற்று அறிவிப்பு உள்ளது. தங்களிடமிருந்து வரும் கடிதங்களில் தேதி இல்லை என்று அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் எழுதியதாக மற்றோர் அறிவிப்பும் உண்டு. ஸஹாபாக்கள் ஒன்றுகூடி ஆலோசித்தனர். பாரசீகர், ரோமர் ஆகியோரின் ஆண்டுக் கணக்குகள் பேசப்பட்டன. எந்த நிகழ்ச்சியைத் தொடக்கமாகக் கொள்வது என்பதில் அலீ (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்தை முன்மொழிந்தார்கள். ஹிஜ்ரி 17 அளவில் இம்முடிவு எடுக்கப்பட்டது. ஹிஜ்ரத் நிகழ்ந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில்; எனினும் ஹஜ்ஜை முடித்து மக்கள் ஊர் திரும்பும் முஹர்ரமே ஆண்டின் தொடக்கமாகக் கொள்ளப்பட்டது.

இந்த வரலாற்றை நாம் முஹர்ரம் பயான்களில் பெருமையாக எடுத்துரைக்கிறோம். ஆனால் அதன் பாடத்தைத் தவற விடுகிறோம். ஆண்டுக்கணக்கு பிறந்தது பெருமை பாராட்டுவதற்காக அன்று. ஒரு பத்திரத்தைப் படித்தவருக்கு அதன் பொருள் விளங்கவில்லை என்பதற்காக. படிப்பவருக்குக் குழப்பம் தரும் தேதி தேதியே அன்று என்பதுதான் உமர் (ரலி) அவர்களின் கேள்விக்குள் இருக்கும் சட்டம்.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைக் குறிப்பிட்ட தவணையோடு எழுதி வைக்கப் பணிக்கிறது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சடைந்துவிட வேண்டாம் என்றும் அதே வசனம் எச்சரிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளோர் கனிகளுக்கு முன்பணம் கொடுத்து வந்தனர். அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டவையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை விதித்தார்கள். அறியப்பட்ட தவணை என்றால் இரு தரப்பாரும் ஒரே நாளைப் புரிந்துகொள்வது. 'ரஜபில் தருகிறேன்' என்பது அறியப்பட்ட தவணை ஆகாது.

நம்மிடம் வரும் வழக்குகள்

மைத்துனர்கள் இருவர் ஒரு கடன் சீட்டைக் கொண்டுவந்து தீர்ப்புக் கேட்டனர். சீட்டில் '12-6-45' என்று தேதி இருந்தது. ரஜப் முடிவதற்குள் திருப்பித் தருவதாக வாசகம் இருந்தது. அது ஹிஜ்ரி 1445 ஜமாதுல் ஆகிர் பிறை 12 என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்து வரும் மாதமே ரஜப். ஆகவே தவணை ஏழு வாரங்களுக்குள் முடிந்துவிட்டது என்றார் கொடுத்தவர். யாராவது ஏழு வாரத்துக்கு இவ்வளவு பெருந்தொகை வாங்குவார்களா, அடுத்த ஆண்டு ரஜப் என்றுதான் பேசினோம் என்றார் வாங்கியவர். இருவரும் தொழுகையாளிகள்; இருவரும் பொய் சொல்லக் கூடியவர்கள் அல்லர். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் உமர் (ரலி) அவர்கள் கேட்ட அதே கேள்வி நம் முன் வந்து நின்றது. சீட்டில் ஆண்டை ஒரு முறை எழுதியிருந்தால் இரு குடும்பங்கள் பேச்சற்றுப் போயிருக்க மாட்டா.

இத்தாவை எடுத்துக்கொள்வோம். கணவனை இழந்த பெண் கர்ப்பிணியாக இல்லாதபோது நான்கு மாதம் பத்து நாள் இருக்க வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம். இம்மாதங்கள் பிறை மாதங்கள். ஆனால் நம் வீடுகளில் மார்ச் முதல் ஜூன் வரை என்று ஆங்கில மாதங்களை விரல்விட்டு எண்ணுகிறார்கள். மார்ச், ஏப்ரல், மே, ஜூன் நான்கையும் கூட்டினால் 122 நாள்கள். நான்கு பிறை மாதங்களோ ஏறத்தாழ 118 நாள்கள். ஒரு பெண்ணின் மீது ஷரீஅத் விதிக்காத நாள்களை நாம் சுமத்துகிறோம். இறப்பு மாதத்தின் நடுவில் நிகழ்ந்தால் கணக்கிடும் முறையை ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஆலிமிடம் கேட்டால் சொல்வார். ஆனால் அவர் முதலில் கேட்பது, வஃபாத் ஆனது பிறை எத்தனை, மஃரிபுக்கு முன்பா பின்பா என்பதே. அந்த இரண்டும் மய்யித் பதிவேட்டில் இருப்பதில்லை.

ஸகாத்தும் அவ்வாறே. ஸகாத்தின் ஆண்டு சந்திர ஆண்டு. 354 அல்லது 355 நாள். வணிகப் பெருமக்கள் பலர் வருமான வரிக் கணக்கோடு சேர்த்து ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று முடித்துக்கொள்கின்றனர். 32 சூரிய ஆண்டுகள் கழியும்போது ஏறத்தாழ 33 சந்திர ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அப்படியானால் ஒரு முழு ஆண்டின் ஸகாத் ஏழைகளுக்குச் சேராமலேயே போகிறது. சூரிய ஆண்டுக் கணக்கைத்தான் வைத்திருக்க முடியும் என்பவர் 2.5க்குப் பதிலாக 2.577 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று இக்காலப் பொருளியல் ஃபிக்ஹ் அறிஞர்கள் கணக்கிட்டுச் சொல்வதும் இதனால்தான். நிஸாபை அடைந்த நாளின் பிறையைக் குறித்து வைத்த வீடுகள் நம் மஹல்லாக்களில் எத்தனை?

எண்களின் குழப்பம்

3/4/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அது மார்ச் 4. கைப்பேசியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் சொந்த ஊரில் இருப்பவருக்கும் அப்படியே. ஓர் ஆண்டில் நாளும் மாதமும் பன்னிரண்டுக்குள் அடங்கும் தேதிகள் 144. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் 12 தேதிகளைக் கழித்தால், 132 நாள்களை இரு விதமாகப் படிக்கலாம். ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நாம் ஐயத்துக்கு இடம் வைத்து எழுதுகிறோம்.

இதனுடன் ஹிஜ்ரியும் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. '25-3-46' என்று ஒரு பழைய தாளில் இருந்தால் அது ஹிஜ்ரி 1446 ரபீஉல் அவ்வல் பிறை 25ஆ, 1946 மார்ச் 25ஆ? இன்று நமக்குத் தெரியும். நம் பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

மாதப் பெயரைச் சுருக்குவதும் ஆபத்தே. 'ரபீ 12' என்றால் ரபீஉல் அவ்வலா, ரபீஉல் ஆகிரா? 'ஜமாத் 5' என்றால் முந்தியதா, பிந்தியதா? இரண்டு ரபீயும் இரண்டு ஜமாதும் அடுத்தடுத்து வருவதால் ஒரு மாதப் பிழை எளிதில் நேர்கிறது.

மீஸான் கற்களைப் பாருங்கள். அரபு எண்களில் ஐந்து என்பது நாம் எழுதும் சுழியத்தைப் போல் வட்டமாக இருக்கும். சுழியமோ ஒரு புள்ளி. ஆறு நம் ஏழைப் போலத் தோன்றும். அரபு எழுத்தறியாத வாரிசு தன் பாட்டனாரின் ஆண்டைத் தவறாகவே படிக்கிறார். மழையும் வெயிலும் அந்தப் புள்ளியை அழித்துவிட்டால் ஆலிமாலும் படிக்க முடிவதில்லை.

வக்ஃபு ஆவணங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஹிஜ்ரியிலிருந்து பிறந்து, வரி வசூலுக்காகச் சூரியக் கணக்குக்கு மாற்றப்பட்டது பசலி ஆண்டு. நம் வருவாய்க் கணக்குகளில் அது ஜூலை முதல் நாளில் தொடங்கும். ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கியது. பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கியது. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். ஆவணத்தில் வெறுமனே '1300ஆம் வருடம்' என்றிருந்தால் எந்த முத்தவல்லியின் காலத்தில் அந்நிலம் வக்ஃபு செய்யப்பட்டது என்று எப்படி நிறுவுவது? குமரி மாவட்டப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் வரும். ஆண்டின் பெயரை ஒரு சொல்லாக எழுதாததால் அல்லாஹ்வின் பாதையில் விடப்பட்ட சொத்துக்குச் சான்று பலவீனமாகிறது.

மறுப்புகளும் நமது பதிலும்

ஹிஜ்ரி மட்டும் போதும், ஆங்கிலத் தேதி நமக்கு எதற்கு என்பார் ஒரு சாரார். அவர்களின் ஈமானிய உணர்வை மதிக்கிறோம். ஆனால் நம் பிறை நிலவரத்தை எண்ணிப் பாருங்கள். 1446ஆம் ஆண்டு ரமளான் சவூதியில் 2025 மார்ச் 1 அன்று தொடங்கியது. இங்கே மார்ச் 2 அன்று. மார்ச் 16 ஞாயிறு பகலில் சென்னையில் பிறை 15. மக்காவில் பிறை 16. உள்ளூர்ப் பிறை, சர்வதேசப் பிறை, கணக்கீட்டுப் பிறை என்று ஒரே தெருவில் மூன்று நாள்காட்டிகள் தொங்குகின்றன. இவற்றுள் எது சரி என்பது இக்கட்டுரையின் பொருள் அன்று. இந்த வேற்றுமை இருக்கும் வரை ஹிஜ்ரி தேதி மட்டும் ஓர் ஆவணத்தைத் தாங்காது என்பதே நாம் சொல்வது.

ஜனவரி முதலிய பெயர்கள் ரோமரின் தெய்வப் பெயர்கள், அவற்றை எழுதலாமா என்பர். ஜனவரி, மார்ச் போன்ற சில பெயர்களின் வேர் அப்படித்தான். அப்படியானால் தமிழில் செவ்வாய், புதன், வியாழன், சனி என்று நாம் நாள்தோறும் சொல்பவை யாவை? கோள்களின் பெயர்கள் அல்லவா? அவற்றைச் சொல்வதால் எவருடைய அகீதாவும் கெட்டதில்லை. வழக்கில் நிலைத்த பெயர் அடையாளத்துக்குத்தான்; வணக்கத்துக்கு அன்று.

மற்றொரு சாரார் இதற்கு நேர் எதிர். உலகம் முழுவதும் ஆங்கிலத் தேதிதான், துருக்கியே 1926இல் அதற்கு மாறிவிட்டது, சவூதி அரசும் 2016இல் ஊழியர் சம்பளத்தை அக்கணக்குக்கு மாற்றிவிட்டது, நமக்கு மட்டும் ஹிஜ்ரி எதற்கு, நோன்புக்கும் பெருநாளுக்கும் அறிவிப்பு வந்தால் போதாதா என்பர். சம்பளத்தை எந்த நாளில் கொடுப்பது என்பது ஆட்சி நிர்வாகம். இத்தாவும் ஸகாத்தும் நிர்வாகம் அல்ல. அவை வணக்கம், சட்டம். அல்லாஹ்விடம் மாதங்கள் பன்னிரண்டு என்று தவ்பா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் கூறுகிறது. புனித மாதங்கள் நான்கும் அவற்றில் அடங்கியவை. பிறைகள் மனிதர்களுக்குக் காலம் காட்டுபவை என்று அல்பகரா 189ஆம் வசனம் கூறுகிறது. அந்தக் காலங்காட்டியை நாம் ரமளானில் மட்டும் நிமிர்ந்து பார்க்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் நம் பிள்ளையிடம் இன்று பிறை எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். விடை தெரியாமல் போனால் குற்றம் பிள்ளையுடையது அன்று; தேதியை ஒருபோதும் எழுதிக் காட்டாத நம்முடையது.

இன்னும் சிலர், கணினிக்கு ஏற்ற உலகத் தர முறை ஒன்று இருக்கிறதே, ஆண்டு, மாதம், நாள் என்று எண்களில் எழுதும் ஐஎஸ்ஓ 8601, அதையே ஏற்றுக்கொள்ளலாமே என்கின்றனர். 1988இல் வெளியான அம்முறை கணினிக் கோப்புகளை வரிசைப்படுத்த மிக நல்லது. ஜமாஅத்தின் கணினியில் கோப்புப் பெயர்களுக்கு அதைப் பயன்படுத்துவதை வரவேற்கிறோம். ஆனால் கையால் எழுதும் தஃப்தரிலும், சாட்சிகள் படித்துக் கையொப்பமிடும் பத்திரத்திலும் மாதம் சொல்லாகவே இருக்க வேண்டும். எண்ணில் ஒரு கோட்டை மாற்றினால் 1 என்பது 7 ஆகிவிடும். ரஜப் என்பதை ஷவ்வால் ஆக்குவது அத்துணை எளிதன்று.

எப்படி எழுதினாலும் நம்மவர்களுக்குப் புரியும் என்பதே இறுதி வாதம். இதுவே மிகவும் தவறான வாதம். ஆவணம் நமக்காக எழுதப்படுவதில்லை. நாம் மவுத்தான பின், நம்மை அறியாத ஒருவர், நமக்குச் சாதகமாக இல்லாத ஒருவர், காழியோ நீதிபதியோ படிப்பதற்காக எழுதப்படுகிறது.

நாம் முன்வைக்கும் முறை

ஆகவே நம் ஜமாஅத்துகளின் எல்லாப் பதிவேடுகளுக்கும் ஒரே முறையை முன்வைக்கிறோம். முதலில் கிழமை, பின் ஹிஜ்ரி ஆண்டு, மாதப் பெயர், பிறை, அதன்பின் ஆங்கில நாள், மாதப் பெயர், ஆண்டு. எடுத்துக்காட்டாக:

ஞாயிற்றுக்கிழமை, ஹிஜ்ரி 1446 ரமளான் பிறை 15 (16 மார்ச் 2025).

இதில் ஐந்து நிபந்தனைகள்.

1. மாதம் எப்போதும் முழுச் சொல்லாக இருக்க வேண்டும். ரமலான், ரமளான், ரமழான் என்ற எழுத்து வேறுபாட்டுக்காக யாரும் சண்டையிட வேண்டாம். எண் மட்டும் வேண்டாம்.

2. ஆண்டு எப்போதும் நான்கு இலக்கம். 'ஹிஜ்ரி' என்ற சொல் முன்னால் இருக்க வேண்டும்.

3. கிழமையை விடவே கூடாது. பிறையில் ஒரு நாள் வேறுபாடு வந்தால் கிழமைதான் தீர்த்து வைக்கும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில், மக்காவில் பிறை 16 என்று எழுதியவரும் சென்னையில் பிறை 15 என்று எழுதியவரும் ஒரே ஞாயிற்றைத்தான் சொல்கின்றனர் என்பது கிழமையால் விளங்குகிறது.

4. மஃரிபுக்குப் பின் நிகழ்ந்தவற்றுக்கு நேரத்தையும் குறிக்க வேண்டும். நம் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஆங்கில நாள் நள்ளிரவில். நம் முன்னோர் இதை அழகாகவே தீர்த்து வைத்திருந்தனர்: 'ஞாயிறு பின்னேரம், திங்கள் இரவு' என்பார்கள். அச்சொல்லை இன்று திருமண அழைப்பிதழ்களிலும் காண்பது அரிதாகி வருகிறது. அன்று இஷாவுக்குப் பின் ஒருவர் வஃபாத் ஆனால், 'ஞாயிறு பின்னேரம், திங்கள் இரவு 8.30 மணி, ஹிஜ்ரி 1446 ரமளான் பிறை 16 (16 மார்ச் 2025)' என்று எழுத வேண்டும். சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்துப் பிறை 15 என்று எழுதினால் அது பிழை.

5. பதிவேட்டின் முதல் பக்கத்தில், இங்கு எழுதப்படும் பிறை எந்த அறிவிப்பின்படி என்று ஒரு வரி இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு தலைமைக் காஜியின் அறிவிப்பு எனில் அவ்வாறே. இலங்கைச் சகோதரர்கள் கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பைக் குறிக்கலாம். வேறு முறையைப் பின்பற்றுவோர் அதையே எழுதட்டும். ஒளிவு மறைவின்றி எழுதுவதுதான் முக்கியம்.

இதற்குப் பணம் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும். தஃப்தர் அச்சடிக்கும்போது கிழமை, ஹிஜ்ரி, ஆங்கிலத் தேதி, நேரம் என நான்கு கட்டங்கள் போட்டால் எழுதுபவர் எதையும் மறக்க மாட்டார். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாள்களுக்குள் அரசிடம் பதிவு செய்ய 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நிகாஹ் தஃப்தரின் நகல் தெளிவாக இருந்தால் மணமக்கள் அலுவலகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் மாறி மாறி அலைய வேண்டியதில்லை.

மதரஸாக்களுக்கும் கடமை உண்டு. கரும்பலகையின் மேல் மூலையில் நாள்தோறும் ஒரு பிள்ளை இரு தேதிகளையும் எழுதட்டும். மாதம் முடியும் மாலையில் பிறை பார்க்கும் ஆர்வம் அந்தக் கரும்பலகையிலிருந்து பிறக்கும். பெண்மக்கள் வீட்டு நாள்காட்டியில் ஸகாத் நாளைப் பிறை கொண்டு குறித்து வைக்கட்டும். கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் தொகையை எழுதுமுன் தேதியை எழுதட்டும்.

நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதி வைத்த ஏடுகளையும் கல்வெட்டுகளையும் தேடிப் படிக்கும் ஆய்வாளர்கள் இன்று இருக்கின்றனர். நாளை நம் தாள்களையும் ஒருவர் தேடிப் படிப்பார். அவர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஷஃபான் என்று திகைத்து நிற்கும்படி நாம் விட்டுச் செல்லக் கூடாது.

எழுதுவதில் நேர்மையையும், கணக்கில் தெளிவையும், பிறர் உரிமைகளில் பேணுதலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.